பட்டை வைப்பதற்கு முன் வெட்டிய ஓட்டை

பத்தாவதோடு பள்ளியை விட்ட வெல்டர் நான். நாலு பேர் முன்னால் பேசவே வராது. எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டியவர் என் மச்சான். அவர் சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வார் என்பதால் முந்திக்கொள்கிறேன்.

திண்டிவனத்தில் ஒரு பழைய மல்லாட்டைக் கிடங்கு (மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை). மேல்தளம் நிறைய மூட்டைகள். கீழே ஹோட்டல் வரப்போகிறது. புகைக்குழாய் போக, மேல்தளத்தைத் தாங்கும் இரும்பு பீமின் நடுத்தகட்டில் ஓட்டை வேண்டும். என் மனைவியின் ஒரே அண்ணனான மச்சான்தான் எனக்காகப் பேசி அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தார். விழுப்புரத்திலிருந்து இருவரும் ஒரே வண்டியில் போனோம்.

இன்ஜினியர் நிதானமாகச் சொன்னார். "மூட்டைய எறக்கிடுங்கண்ணா. ஓட்டை வரப்போற எடத்துக்கு மேலயும் கீழயும் மொதல்ல இரும்புப் பட்டைய வெல்டிங் பண்ணிடுங்க. அப்புறமா வெட்டுங்க."

தலையாட்டினேன். (தலையாட்டுவதில் எனக்கு இருபது வருட அனுபவம்.) அவர் போனதும் சந்தேகம் வந்தது. இல்லாத ஓட்டைக்கு எப்படிப் பட்டை வைப்பது? என் மனைவி தையல்காரி. ஜாக்கெட்டில் கழுத்தை வெட்டிவிட்டுத்தான் பட்டி தைப்பாள். இன்ஜினியர் வரிசை மாற்றிச் சொல்லிவிட்டார், பாவம், என்று முடிவு செய்தேன். போன் செய்து கேட்கக் கூச்சம். மூட்டை இறக்க ஆள் கேட்கவும் கூச்சம்.

வெட்டினேன். வட்டம் சுத்தமாக வந்தது. வெட்டிய வில்லையை எடுத்துக்கொண்டு, பட்டைக்கு அளவெடுக்க வாசலுக்குப் போனேன். மச்சான் ஓட்டைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "சோக்கா இருக்குது மாப்ள" என்றார்.

பீம் முனகியது. ரோட்டில் லாரி போகிறது என்று நினைத்தேன். திரும்புவதற்குள் வட்டம் நசுங்கி, பீம் தொய்ந்து, மேலே பலகைகள் விலகி, மூட்டைகள் இறங்கின. இன்ஜினியர் இறக்கச் சொன்ன அதே மூட்டைகள்தான்.

புழுதி அடங்கியபோது மச்சான் இடுப்புவரை மல்லாட்டைக்குள் இருந்தார்.

"மாப்ள, ஒரு காலு இருக்குது. இன்னொன்ன நீங்கதான் தேடிக் குடுக்கணும்."

இரண்டு கைகளாலும் தோண்டினேன். கால் இருந்தது. பார்க்க வேண்டிய பக்கம் பார்க்கவில்லை.

இன்றும் அவர் சாய்ந்துதான் நடக்கிறார். என் மனைவி கத்தரிக்கோலை எடுத்தால் போதும், "மொதல்ல பட்டிய வச்சிட்டியாம்மா?" என்பார். வீடே சிரிக்கும். அவள் மட்டும் இதுவரை சிரித்ததில்லை.

பீம் தொய்ந்த மறுநாள் ஆள் வைத்து மிச்ச மூட்டைகளை இறக்கினார்கள். பீமுக்கு முட்டுக் கொடுத்து, வேறொரு வெல்டர் பட்டை வைத்தார். நான் ஆஸ்பத்திரிக் குழாயடியில் மச்சான் சட்டையை அலசினேன். பையில் ஒரு பிடி மல்லாட்டை இருந்தது.