ஆளில்லாத ரூமுக்கு எதுக்கு ஏசி?

எனக்கு ஒரு கை வியாதி உண்டு. ஓர் அறையை விட்டு வெளியே வந்தால் வலது கை தானாகப் போய் சுவிட்சை அணைத்துவிடும். மூளையிடம் அனுமதி கேட்காது. (மற்ற விஷயங்களிலும் பெரிதாகக் கேட்டதில்லை.) மயிலாப்பூரில் அப்பா வளர்த்த வளர்ப்பு அப்படி. பரீட்சையில் கோட்டை விட்டாலும் மன்னிப்பு உண்டு. பாத்ரூம் விளக்கை எரியவிட்டு வந்தால் கிடையாது. ஏசி வாங்கிய பிறகு சட்டம் இன்னும் இறுகியது: "ஆளில்லாத ரூமுக்கு எதுக்குடா ஏசி?"

இந்தக் கையையும் கூட்டிக்கொண்டுதான் அடையாறில் ஒரு பூச்சி ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். அங்கே மீனா அக்கா, முனைவர் பட்டத்துக்காக அசுவினிப் பூச்சி வளர்த்துக்கொண்டிருந்தார். அவரைக்கொடி நுனியில் கறுப்பாக அப்பிக்கிடக்குமே, அதேதான். ஊரே மருந்தடித்துக் கொல்கிற ஜீவனுக்கு அங்கே இரவும் பகலும் ஏசி!

"செடிச் சாறுல வெறும் சக்கரைதான்டா, சத்து கம்மி" என்று முதல் நாளே அக்கா விளக்கினார். "அது உடம்புக்குள்ள ஒரு பாக்டீரியா குடியிருக்கு. அதுதான் இதுக்குச் சமைச்சுப் போடுது."

நான் எல்லாம் புரிந்தவன்போல் தலையாட்டினேன். அந்தச் சமையல்காரர் வெயில் தாங்கமாட்டார் என்று அவர் சொன்னபோது கேன்டீன் போண்டாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம். பதினைந்து நாளில் அக்கா தன் கமிட்டி முன்னால் பூச்சிகளின் எண்ணிக்கையைக் காட்டியாக வேண்டும். காட்டினால்தான் பட்டம். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக வெள்ளிக்கிழமை தி.நகருக்குக் கிளம்பும்போது, "திங்கக்கிழமை வரேன், பாத்துக்கோ" என்றார். பார்த்துக்கொண்டேன். மாலையில் கதவைப் பூட்டினேன். கை தன் கடமையைச் செய்தது.

திங்கள் காலை வாட்ச்மேன் வழி மறித்தார். "இன்னா சார், உள்ள இட்லி வேவுதா? கதவாண்ட நின்னாலே அனலா கீது!"

உள்ளே ஓடிப் பார்த்தேன். பூச்சிகள் உயிரோடு இருந்தன! கற்பகாம்பாளுக்கு ஒரு கும்பிடு போட்டு, ஏசியைப் போட்டு, வாயைப் பூட்டிக்கொண்டேன்.

ஆனால் அந்த வாரம் முழுக்க ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. (அசுவினி குட்டி போடும் ஜாதி.) அதுவரை பிரசவ வார்டு மாதிரி இருந்த செடிகள் ரிட்டயர்டு ஆபீசர்கள் காலனி மாதிரி ஆகிவிட்டன. அக்கா தண்ணீரை மாற்றினார், மண்ணை மாற்றினார். கடைசியில் கண் கலங்கி, "நான்தான்டா எதையோ சொதப்பிட்டேன்" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உத்தமன் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விதை சரியில்லையோ அக்கா?"

மனசாட்சி அன்று மாலை என்னைக் கே.கே. நகருக்குத் துரத்தியது. சித்தி வீட்டு மொட்டைமாடியில் அவரைப் பந்தல் உண்டு.

"வாடா, வேணுங்கற காயைப் பறிச்சுக்கோ."

"காய் வேணாம் சித்தி. பூச்சி போதும்."

நான் டிபன் பாக்ஸை மூடுவதற்குள் சித்தி அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள். "அக்கா, உன் புள்ள நல்லாத்தானே இருக்கான்?"

மறுநாள் மீனா அக்கா வருவதற்கு முன்பே கே.கே. நகர் குடும்பங்களை அடையாறில் குடியேற்றினேன். நான் கொண்டுபோன இலைகளில் பொறிவண்டின் புழுக்களும் இருந்தது எனக்குத் தெரியாது. அசுவினி என்றால் அவற்றுக்குக் கல்யாணச் சாப்பாடு. மூன்றே நாளில் பழையது புதியது பாராமல் பந்தியை முடித்துவிட்டன.

"மூடின ரூமுக்குள்ள பொறிவண்டு எப்படிடா வந்துச்சு?"

டிபன் பாக்ஸில் ஆரம்பித்து சுவிட்ச் வரை உளறிக் கொட்டினேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கையில் பூவாளி இருந்ததால் நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"எத்தனை மணி நேரம் ஏசி இல்ல?"

விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்.

"வெயில் பூச்சியைக் கொல்லல. உள்ள இருந்த சமையக்காரனைக் கொன்னுருக்கு. சத்து இல்லாம குட்டி எப்படிப் போடும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தார். "எத்தனை டிகிரில, எத்தனை மணி நேரத்துல கைவிடுதுன்னு பாத்துருவோம். குளுகுளுன்னு இருக்கற வரைக்கும்தான் இந்தக் கூட்டாளியால லாபம்னா, அதை எழுதித்தானே ஆகணும்?"

எழுதினார். ஆய்வேட்டில் அது ஒரு தனி அத்தியாயம். ஆனால் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்த ஆறு மாதமும் அத்தனை தொட்டிகளையும் கழுவியது இதே வலது கைதான். சுவிட்சுக்கு மேல் அக்கா ஒரு சீட்டும் ஒட்டினார்: 'உள்ளே ஆள் இருக்கு.'

கதை வீட்டுக்கு வந்து சேர நாளாகவில்லை. இன்றும் நான் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனால் மனைவி, மகள், வேலைக்கு வரும் அம்மா உள்பட எல்லோரும் கோரஸாகக் கத்துவார்கள்: "உள்ள ஆள் இருக்கு!" அப்பா மட்டும் சேரமாட்டார். "எம்புள்ள கரண்டை வேஸ்ட் பண்ணல. இதுல என்ன தப்பு?" என்பார்.

போன மே மாதம், மதிய நேரம். அப்பாவின் அறையில் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கை தன் கடமையைச் செய்தது. ஐந்து நிமிடம் கழித்து, போர்வைக்குள்ளிருந்து, அந்தச் சட்டத்தைப் போட்டவரின் குரல் வீடு அதிரக் கேட்டது:

"டேய்! உள்ள ஆள் இருக்குடா!"