கடைசிச் சிப்பியைத் தொடாதவர்

பசித்தவர்களைப் பார்த்திருப்பீர்கள், பசிக்காதவர்களையும் பார்த்திருப்பீர்கள். பசித்துக்கொண்டே "வயிறு நிறைஞ்சு போச்சு" என்று சொல்கிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. எங்கள் ஹிரோஷிமாப் பக்கம் அது அமோகமாக விளைகிறது. இந்தக் கூச்சத்துக்கு என்ரியோ என்று பெயர் வைத்து, பெரிய பண்பு என்று பாராட்டவும் செய்கிறார்கள்.

உத்தமமான மாதிரி வேண்டுமென்றால் எங்கள் தெரு மினேகிஷியைப் பாருங்கள். ரயிலில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுவேன்" என்பார். சொல்லிவிட்டோமே என்று அடுத்த ஸ்டேஷனில் இறங்கியும் விடுவார். பிறகு அடுத்த ரயிலுக்கு நின்றுகொண்டிருப்பார். ஒரு தரம் விருந்தாளியாகப் போன வீட்டில் தேநீரை வைத்துவிட்டு "குடியுங்க" என்று சொல்ல மறந்துவிட்டார்கள். மனிதர் நாற்பது நிமிஷம் கோப்பையின் அழகைப் புகழ்ந்துவிட்டு, தொண்டை வறள வீடு திரும்பினார்.

இப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு பலவீனம். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சிப்பி என்றால் உயிர். மனைவிக்கோ சிப்பி வாசனை பட்டாலே உடம்பெல்லாம் தடித்துவிடும். தனியாகக் கடைக்குப் போய்ச் சாப்பிடலாமே என்கிறீர்களா? ஒரே ஒருத்தனுக்காகச் சட்டி எண்ணெயைக் காயவைக்கச் சொல்வதா? ஆக, அவருக்கு வருஷத்தில் ஒரே நாள்தான் சிப்பி. மார்ச் மாதம் தெருச் சங்கத்தார் சாக்கடை வாரிவிட்டு, மத்தியானம் கூட்டாகச் சிப்பிக் கடைக்குச் சாப்பிடப் போகும் ஞாயிற்றுக்கிழமை.

இந்த வருஷம் அவர் மேஜையில் சங்கத் தலைவர் கனேதாகாவும் செயலாளர் ஒரிஹாரா அம்மாளும். தட்டில் பத்துச் சிப்பி. ஆளுக்கு மூன்று போக ஒன்று மிஞ்சியது. இருந்ததிலேயே பெரியது.

இங்கே ஒரு சட்டம் உண்டு. முதல் தரம் உபசரித்தால் மறுக்க வேண்டும். இரண்டாம் தரமும் மறுக்க வேண்டும். மூன்றாம் தரம், "உங்க பேச்சைத் தட்டக் கூடாது" என்று முனகிக்கொண்டே எடுத்துக்கொள்ளலாம்.

"மினேகிஷி-சான், நீங்க எடுத்துக்குங்க" என்றார் தலைவர்.

"ஐயையோ, எனக்கு மூச்சு முட்டுது. நீங்க எடுத்துக்குங்க தலைவரே."

தலைவர் மறுத்துவிட்டுத் தட்டை அம்மாள் பக்கம் தள்ளினார். அம்மாள் மறுத்துவிட்டு இவர் பக்கம் தள்ளினார். இரண்டாம் தரம். இவர் மறுத்து, வயிற்றையும் தடவிக் காட்டினார். சண்டாள வயிறு அந்த நேரம் பார்த்துக் கர்ரென்றது. இருமிச் சமாளித்தார். தலைவர் மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறந்தார். மினேகிஷியின் விரல்கள் சாப்பிடும் குச்சிகளைத் தொட்டேவிட்டன.

"பாவம், அவரைப் போட்டு வற்புறுத்தாதீங்க தலைவரே" என்றார் ஒரிஹாரா அம்மாள். "பிடிக்கலைன்னா அவரு வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு. முகத்தைப் பார்த்து நாமதான் புரிஞ்சுக்கணும்."

கருணையே உருவான இந்த அம்மாளை என்ன செய்வது, சொல்லுங்கள்!

பரிமாறும் பெண் வந்து, தட்டை எடுத்துக்கொள்ளட்டுமா என்றாள். மூவரும் ஒரே குரலில், தாராளமாக என்றார்கள். அவளுக்குக் கை எட்டவில்லை. சிப்பியோடு தட்டைத் தூக்கி, இரண்டு கையாலும் பவ்யமாக அவளிடம் கொடுத்தவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் மினேகிஷிதான்.

வாசலுக்கு வந்ததும் தலைவர் தலையைக் குனிந்துகொண்டு அவரிடம் வந்தார்.

"உங்களுக்குச் சிப்பி ஒத்துக்காதுன்னு தெரியாம இத்தனை வருஷமா இழுத்துட்டு வந்துட்டோம். மன்னிக்கணும். அடுத்த வருஷத்துலேர்ந்து நூடுல்ஸ் கடைக்கே போயிடலாம். உங்களுக்காக."

வேண்டாம் என்று சொல்வதற்குப் பிறந்த மனிதர். ஆயுசில் அந்த வார்த்தை உண்மையாகவே தேவைப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான். நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் தலைவர் இவ்வளவு சிரமப்பட்டு யோசித்திருக்கிறாரே! மினேகிஷி இடுப்புவரை குனிந்து, "ரொம்ப உபகாரம்" என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன முகூர்த்தத்தில் இரண்டாவது ஜாங்கிரி வந்தபோது, "போதும், போதும்" என்று இலைக்கு மேலே கையை விரித்து மறைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? விரல்களுக்கு நடுவே ஒரு ஜாங்கிரி விழுகிற அளவுக்கு இடைவெளி எதற்காக விட்டீர்களாம்?