எஞ்சின் குடித்த தண்ணீர்

செமிலிங் தோட்டம்,
14-6-1929

மதிப்புக்குரிய அத்தான் கனகசுந்தரம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை இராசம்மாவும் நானும் இங்கே சுகம். அலோர்ஸ்டாரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டி எழுதுவது:

சென்ற மாசியில் நீங்கள் புதுக் கார் எடுத்தபோது பழையதை எனக்கு அன்போடு தந்தீர்கள். அந்த அன்பைத் திருப்பி அனுப்ப உத்தேசித்திருக்கிறேன். காரணம் தண்ணீர். காலையில் ரேடியேட்டர் நிறைய ஊற்றினால் மாலையில் பாதிகூட இருப்பதில்லை. குழாய்களைத் தடவிப் பார்த்தேன், ஈரமில்லை. காருக்கடியில் படுத்துப் பார்த்தேன், எறும்புதான் கடித்தது. இது களவுதான் என்று முடிவுகட்டி, தோட்டத்துக் காவல்காரன் பழனியாண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காருக்கு எதிரே முக்காலியில் உட்கார வைத்தேன். அன்று கார் அசையவில்லை. தண்ணீரும் ஒரு விரலளவுகூட இறங்கவில்லை. ஆகவே ஓடும்போதுதான் போகிறது என்று தெரிந்து, மறுநாள் பீடோங் ரோட்டில் பழனியாண்டியைச் சைக்கிளில் பின்தொடரச் செய்தேன். செம்மண்ணில் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியுமல்லவா? இரண்டு மைல் போய் நிறுத்தினால், மழையில் நனைந்த கோழி போல வந்து நிற்கிறான்.

"ஐயா, கீழ ஒரு சொட்டு விழலைங்க. ஆனா பின்னால வர்ற வெள்ளைப் புகையில மீசையெல்லாம் நனைஞ்சிருச்சுங்க."

குடித்திருக்கிறாயா என்று கேட்டேன். அது என் தவறு. நமது ரப்பர் ஆலையில் எஞ்சின் பார்க்கும் மணியம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஆறிக் கிடந்த காரின் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட்டச் சொன்னான்.

"பாருங்க ஐயா, எஞ்சின் இன்னும் சூடாகவே இல்ல, அதுக்குள்ள கஞ்சி கொதிக்கிற மாதிரி குமிழ் வருது. யாரும் திருடல. எஞ்சினே குடிக்குது, குடிச்சதைப் புகையா விடுது."

எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் செப்புத் தகடு வெந்து விட்டதாம். பினாங்கிலிருந்து புதியது வரும்வரை காரை எடுக்கவே கூடாது என்றான். நானும் சத்தியம் செய்தேன். மறுநாள் மத்தியானமே பழனியாண்டி தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். அவன் பெண்சாதி மருதம்மாளுக்குக் காலையிலிருந்து வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லிவிட்டார். துரை பினாங்கில், துரையின் காரும் பினாங்கில், லாரி எங்கேயோ. பத்து மைல். அத்தான், அந்த மனுசன் என் முகத்தைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தான்.

கார் புறப்பட்டது. பின்னால் மருதம்மாளும் அவளைத் தாங்கிக்கொண்டு அவள் தாய் காளியம்மாவும். முன்னால் இராசம்மாவும் நானும். மிதிபலகையில் நான்கு தகரம் தண்ணீரோடு பழனியாண்டி. இரண்டு மைலுக்கொரு தரம் நிறுத்தி, ஆற விட்டு, ஊற்றினோம். ஒரு தரம் பொறுமையில்லாமல் நான் மூடியைத் திறக்க, ஆவி அடித்து என் தொப்பி வயலில் போய் விழுந்தது. ஏழாவது மைலில் தகரங்கள் காலி. பின்னால் மருதம்மாளின் சத்தமும் குறைந்துவிட்டது; அதுதான் எங்களுக்குப் பயம். வயலில் நின்ற மலாய்க்காரர்கள் தண்ணீருக்கு அவர்கள் சொல்லும் "ஆயேர்" என்ற ஒரு சொல்லை நான் சொன்னதும் வாய்க்காலிலிருந்து ரோடு வரை வரிசையாய் நின்று, சோற்றுப் பானைகளால் மொண்டு கைமாற்றி நிரப்பிவிட்டார்கள். தொப்பியையும் கழுவித் தந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை, தாயும் பிழைத்தாள். பழனியாண்டி அழுதுகொண்டே வந்து கார் மூக்கைத் தொட்டுக் கும்பிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டான்.

ஆயினும் அத்தான், என் நெஞ்சு இனித் தாங்காது. பழுதை மறைத்து மைத்துனன் தலையில் கட்டியது முறையா? அடுத்த மாதத்துக்குள் வந்து காரைக் கொண்டுபோகவும்.

உங்கள் வீட்டில் குடமும் மனமும் என்றும் நிறைந்திருக்க வேண்டும்
அன்பு மைத்துனன்
செல்லப்பா

பி.கு. அண்ணை, கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி இவர் என்னட்டைத் தந்தவர். வாசிச்சுப்போட்டு எழுதிறன். கார் நல்ல கார். வந்த கிழமையே தண்ணி விட மறந்து மெர்போக் ஊர் வரைக்கும் ஓட்டித் தகட்டை வேக வைச்சது இவர்தான். மணியம் மரியாதைக்குச் சொல்லேல்லை. மருதம்மாளைக் கொண்டுபோன அண்டைக்கு இவருக்குப் பயத்திலை ஸ்டியரிங் பிடிக்க ஏலாமல் போச்சுது. ஓட்டினது நான். போன வருசம் அலோர்ஸ்டாரிலை நீங்கள் அண்ணிக்கும் எனக்கும் கார் ஓட்டப் பழக்கினது உதவிச்சுது. காரைக் கொண்டுபோக வராதேங்கோ, மருதம்மாளின்ரை பிள்ளையைப் பார்க்க வாங்கோ. — இராசம்மா