சன்ஷேடில் நின்ற ஆடி வெள்ளி

எனக்கு உயரம் ஆகாது. ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றச் சொன்னால்கூட ஒருவர் ஸ்டூலைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் என்னைப் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட நான் ஒருமுறை உயிரைப் பணயம் வைத்து ஒருத்தியைக் காப்பாற்றக் கிளம்பினேன். (கிளம்பினேன் என்பது வரைக்கும் உண்மை.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். ஆடி பிறந்ததும் என்னை நெல்லித்தோப்பில் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஜமீலா அக்காவும் பிரசவத்துக்காக அவள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நிறைமாதம். பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து அவள் பின்னாலேயே திரிந்தவள் நான்.

அன்று ஆடி வெள்ளி, வீராம்பட்டினத்து அம்மன் கோயில் தேர். ஊருக்கே லீவு. எங்கள் தெருவில் காக்கா குருவி இல்லை. எங்கள் வீட்டில் நான் மட்டும் போகவில்லை. தேர் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் என் மாமியார் வீட்டார் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். “நல்ல பொடவையா கட்டிக்கினு, தலை வாரி, வடைக்கு அரைச்சி வை. மானத்த வாங்கிடாத” என்று சொல்லிவிட்டு அம்மா போனாள். வடைக்கு அரைத்துவிட்டேன். புடவை பாக்கி. அதற்குள் நைட்டியும் தோளில் துண்டுமாக மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“கவீ! அடியே கவீ!”

ஜமீலா அக்காவின் குரல். அவர்கள் மாடி பாத்ரூம் வெண்டிலேட்டரிலிருந்து வந்தது.

“என்னாக்கா?”

“பாத்ரூம் தாப்பா மாட்டிக்கிச்சிடி, தொறக்கவே மாட்டேங்குது. அம்மா மார்க்கெட் போயிருக்குது. எனக்கு இடுப்பு வலி வேற எடுத்துடுச்சி!”

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன், வருகிறோம் என்றார்கள். அவள் அம்மாவுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தாலும் எப்படி உள்ளே போவது? தனியாக இருக்கிறோமே என்று அக்கா வாசல் கதவை உள்ளே தாழ் போட்டிருந்தாள். மாடியில் பால்கனிக் கதவு மட்டும் திறந்திருந்தது. எங்கள் மொட்டை மாடிக்கும் அந்தப் பால்கனிக்கும் நடுவே, அவர்கள் சுவரை ஒட்டி ஒரு சன்ஷேட். அகலம் ஒரு அடி இருக்கும். நீளம் நாலு எட்டு. பூனைகள் தினமும் அதில் போய்வந்துகொண்டிருந்தன. பூனைக்கு முடிவது எனக்கு முடியாதா என்று நினைத்தேன். (பூனை நைட்டி போடுவதில்லை என்று அப்போது தோன்றவில்லை.)

போனைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். வீராம்பட்டினத்து அம்மனை வேண்டிக்கொண்டு, சுவரைக் கட்டிப்பிடித்தபடி சன்ஷேடில் இறங்கினேன். ஒரு எட்டு வைத்தேன். இரண்டாவது எட்டும் வைத்தேன். மூன்றாவதற்குக் காலைத் தூக்கினால் நைட்டி வரவில்லை. கேபிள் ஒயருக்காக யாரோ சுவரில் அடித்திருந்த கம்பியில் மாட்டியிருந்தது. என்ன என்று குனிந்தபோது தெரு தெரிந்தது. அவ்வளவுதான், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“அக்கா...”

“வந்துட்டியா?”

“நானும் மாட்டிக்கினேன்க்கா.”



“நீ எங்கடி மாட்டிக்கின?”

சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் வலி அதிகமாகி, வலியில் கோபம் வந்தது. “உன்ன யாருடி அங்க ஏறச் சொன்னது! ஸ்டூலு ஏறத் தெரியாதவளே!” என்று கத்தினாள். பிறகு இரும்பு வாளியால் மடார் மடார் என்று அடிக்கும் சத்தம் கேட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. விழுந்துவிடுவேனே என்று இல்லை. உள்ளே அவள் தனியாகத் துடிக்கிறாள், வயிற்றில் ஒரு உயிர் இருக்கிறது, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? கதவைத் திறந்துவிட வந்தவள் நான், சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். கைப்பிடிச் சுவரில் போன் அடித்தது. மாமியார் நம்பருக்கென்று நானே ஆசையாக வைத்த அம்மன் பாட்டு. பாட்டு முழுதாகப் பாடி ஓய்ந்தது.

கடைசியில் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. (என் மேல் வந்த கோபத்தில்தான் அவ்வளவு பலம் வந்ததாக அக்கா இன்றைக்கும் சொல்கிறாள்.) வயிற்றைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்கு வந்தவள், என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். நேராகக் கீழே போயிருக்கலாம், போகவில்லை. ஒட்டடைக் கம்பை எடுத்துவந்து நீட்டி, கம்பியிலிருந்து என் நைட்டியை விடுவித்தாள்.

“கீழ பாக்காத. என் மூஞ்சப் பாரு. மெதுவா கால நவுத்து... இரு இரு, வலி வருது. அப்படியே நில்லு!”

நான் நின்றேன். அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

“போயிடுச்சி. இப்ப வா. இன்னும் கொஞ்சம்... ஐயோ, திரும்ப வருதுடி. நில்லு!”

இப்படி அவள் வலி விடும்போதெல்லாம் நான் நகர்ந்தேன். இந்த நேரம் பார்த்துக் கீழே ஆட்டோ வந்து நின்றது.

முதலில் மாமனார் இறங்கினார். பிரான்சு பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா அவர். அடுத்து மாமியார், கையில் பிரசாதப் பையோடு. ஆடியில் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதால் என் வீட்டுக்காரரை மட்டும் ஆட்டோவிலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

“ஏங்க, அங்க தொங்கறது யாரு? நம்ம கவிதா மாதிரி இல்ல?” என்றார் மாமியார்.

ஆட்டோவிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. “கவியேதாம்மா” என்றது.

மாமனாருக்குள் இருந்த பட்டாளம் விழித்துக்கொண்டது. இடுப்பில் கை வைத்து, “அலே! அலே!” என்று அதட்டல் போட்டார். பிரெஞ்சில் அப்படியென்றால் ‘போ, கிளம்பு’ என்று அர்த்தம். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலுக்குப் பயந்து நான் எடுத்துவைத்த எட்டு, என்னைப் பால்கனியில் ஜமீலா அக்காவின் கைக்குள் கொண்டு சேர்த்தது. சேர்ந்த உடனே மயக்கம் போட்டு விழுந்தேன்.

மிச்சமெல்லாம் சொல்லிக் கேட்டது. ஆம்புலன்ஸ் வந்ததும் அக்காவே படியிறங்கிப் போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். அவர்கள் அவளைத் தாண்டி மாடிக்கு ஓடி, என்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

“அண்ணே, வலி எனக்கு!”

“நீங்கதான் நடக்கறீங்களேம்மா. இவங்க பேச்சு மூச்சில்லாம இருக்காங்க.”

கண் விழித்தபோது ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரில் நான் படுத்திருந்தேன். பக்கத்து இருக்கையில் ஜமீலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்லடி, பயப்படாத” என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து இடம் கொடுத்தேன். அன்று நான் செய்த ஒரே உதவி அதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். என் வாழ்க்கைதான் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வராந்தாவில் நைட்டியோடு உட்கார்ந்திருந்தேன். மாமியார் வந்தார். திட்டவில்லை. பிரசாதக் குங்குமத்தை என் நெற்றியில் வைத்துவிட்டு, “நல்ல மனசும்மா உனக்கு. இனிமே யாருக்காச்சும் உதவி பண்றதா இருந்தா தரையில நின்னு பண்ணு” என்றார்.

ஜமீலா அக்காவின் அம்மா அந்த சன்ஷேட் முழுக்கக் கண்ணாடிச் சில்லு பதித்துவிட்டார். திருடனுக்காக இல்லை, எனக்காகவாம்.

“அன்னிக்கி எனக்கு ரெண்டு பிரசவம்” என்று விசேஷ வீடுகளில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள் ஜமீலா அக்கா. “மொதல்ல இவள வெளிய எடுத்தேன். இவதான் கஷ்டம் குடுத்தா. அப்புறம் வந்த என் பொண்ணு சமத்தா வந்துட்டா.”

அந்தச் சமத்து இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கணக்குப்படி நான்தான் மூத்தவளாம், அதனால் என்னை “அக்கா” என்றுதான் கூப்பிடுகிறாள். அதோடு விட்டாலும் பரவாயில்லை. அவளைவிட ஒரு வயது சின்னவனான என் பையனைத் தெருவில் நிறுத்திவைத்து, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் மிரட்டுகிறாள்:

“ஒழுங்கா சித்தின்னு கூப்புடுடா.”