சீதனக் காரின் அடித்தட்டு

காருக்குள், பின்சீட்டின் கால்மாட்டில், பச்சைப் பெயின்டில் சின்னதாக ஒரு கொப்புளம். அஸீஸ் முதலாளி அதை நகத்தால் சுரண்டியிருக்கவே கூடாது. சுரண்டினார். விரலே உள்ளே போய்விட்டது.

புதுக் கார்கள் கப்பலில் வருவது நின்றுபோன காலம். பதுளையில் துணிக்கடை வைத்திருந்த அஸீஸ், மகள் ஜெனீராவுக்குச் சீதனமாக இந்தப் பழைய ஆஸ்டினை, சீமைக்குத் திரும்பிய அப்புத்தளைத் தோட்டத் துரை ஒருவரிடம் வாங்கிப் புதுப்பித்திருந்தார். ‘ஒரு பொட்டுத் துருவில்லை’ என்று பண்டாரவளைச் சம்மந்தி புஹாரியிடம் பீற்றியும் ஆயிற்று. நாளை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அவர் காரைப் பார்க்க வருகிறார்.

கராஜ்காரன் இராயப்பன் சுத்தியலோடு காருக்குள் குனிந்தான்.

“நல்ல தகரம் ணங்குன்னு கேக்கும் மொதலாளி. இது பொத்துப் பொத்துங்குது.”

“மெல்லத் தட்டுங்க.”

மெல்லத்தான் தட்டினான். பின்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தகரம் பொலபொலவென்று உதிர்ந்தது. அஸீஸ் எட்டிப் பார்த்தார். கராஜின் தரை தெரிந்தது.

“பனி ஈரம் மெத்தைக்கு அடியிலயே தங்கி அரிச்சிருக்குங்க. வெட்டிட்டு வேற தகரம் வெல்டிங் வைக்கணும். செகப்புப் பூச்சு ரெண்டு தரம் அடிச்சு, தண்ணி வடிய வழியும் விடணும். இல்லாட்டி மறுபடி உள்ளுக்குள்ளயே தின்னுடும்.”

“எப்ப முடியும்?”

“வெல்டிங் காஸ் கொழும்புலருந்து வரணுங்க. அடுத்த கிழமை.”

“நாளைக்குச் சம்மந்தி வாறாரே, இராயப்பன்.”

வேறு வழியின்றித் தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை அறுத்துத் தாரில் ஒட்டி, மேலே பாயை விரித்தார்கள். பதுளைக் குளிரில் தார் காயவில்லை. மறுநாள் காலையில் வீட்டு வாசல் முழுக்கத் தார் நாறியது. விஷயம் அறியாத மனைவி ஸுபைரா, வாசனைக்கென்று காருக்குள் ஒரு குப்பி அத்தரைக் கொட்டினாள். இப்போது நாற்றம் தெருமுனைக்கே எட்டியது.

புஹாரி தன் டிரைவர் இராசையாவோடு வந்திறங்கினார். காரைத் தூரத்திலிருந்தே ஒரு சுற்றுப் பார்த்தார்.

“பார்த்தாச்சு. ஏறிப் பார்க்கத் தேவையில்ல” என்றார்.

அஸீஸுக்குப் போன உயிர் திரும்பியது. அதற்குள் ஸுபைரா கதவோரம் வந்து, “அதெப்படி? ஒரு சுத்துப் போய்ட்டு வாங்களே” என்றாள்.

பெண்வீட்டார் உபசாரத்தைத் தட்ட முடியாது. இராசையா ஓட்ட, சம்மந்திகள் இருவரும் பின்சீட்டில் ஏறினார்கள். ஹாலிஎல ரோட்டில் ஒரு பள்ளம். படார் என்று பலகை பாயோடு கழன்று விழுந்தது.

“கல்லாக்கும்” என்றார் புஹாரி, அவசரமாக.

“கல்லுதான்” என்றார் அஸீஸ்.

அஸீஸ் ஓட்டையின் இரு பக்கமும் காலை ஊன்றிக்கொண்டு, உடுத்திருந்த சாரத்தை விரித்து மறைத்தார். கீழேயிருந்து காற்று ஏறிச் சாரம் உப்பியது. இரண்டு கையாலும் அமுக்கினார். கீழே ரோடு ஓடிக்கொண்டிருந்தது. புஹாரியோ ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தக் குளிரிலும் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கண்டுபிடித்துவிட்டார் என்று அஸீஸ் நடுங்கினார். வீட்டுக்குப் போனதும் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். ஜெனீராவின் முகத்தில் எப்படி விழிப்பது? தெரிந்த ஓதல்களையெல்லாம் மனதுக்குள் ஓதினார்.

வாசலில் கார் நின்றதும் புஹாரி குதிக்காத குறையாக இறங்கினார். “கார் நல்லம். நிக்காஹ் சொன்ன நாளிலேயே வைப்போம்” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் வீட்டுக்குள் போனார்.

அஸீஸால் நம்ப முடியவில்லை. இராசையாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, பலகை விழுந்தத உங்க முதலாளிட்ட சொல்லிடாதீங்க. என் மகள்ட வாழ்க்கை.”

“நான் ஏங்க சொல்றேன்?” என்றான் இராசையா, குரலைத் தாழ்த்தி. “அடித்தட்டு அரிச்சது தெரிஞ்சே அந்தத் தொரைக்கு இந்தக் கார வித்தது எங்க மொதலாளிதாங்க. ஓட்டைய நீங்க கண்டுபுடிச்சு, பொண்ணு இல்லன்னு சொல்லிருவீங்களோன்னு வழி பூரா அவருதான் நடுங்கிக்கிட்டு வந்தாரு.”