இரண்டு வோல்ட்டை வெல்லப் போன படலம்

வாழ்க, காரம் பொசுக்கிய கையன், அமிலம் தின்ற சட்டையன், அம்பத்தூர் எஸ்டேட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் கர்ஜித்த சேக்காட்டுச் சிங்கம் கன்னியப்பன்! தண்ணீரை மின்சாரத்தால் பிளந்து ஹைட்ரஜனைச் சிறைபிடிக்கும் கொட்டகையில் ஆறாண்டுகள் டெம்பரரியாகவே தவமிருந்த அம்மாவீரன் புகழை வாய் வலிக்கப் பாடுவோம்.

அறுபத்தெட்டாம் ஆண்டுப் புரட்டாசியில், தொட்டிகள் மின்சாரத்தை மிடறு மிடறாகக் குடிப்பது கண்டு வயிறெரிந்த முதலாளி பரந்தாமன் திருவாய் மலர்ந்தார்: “ரெண்டு புள்ளி மூணு வோல்ட் துன்னுது இந்தத் தொட்டி! ஆயுத பூஜை அன்னிக்கு எவன் ரெண்டுக்குக் கீழ ஓட்டிக் காட்றானோ, அவன் அன்னியிலேர்ந்து பெர்மனென்ட்டு!”

எழுந்தான் கன்னியப்பன். நிக்கலையும் அலுமினியத்தையும் ஒரே மூசையில் உருக்கி, இருவரும் இணைபிரியாக் கலவையாய் இறுகிய தகட்டைக் காரநீரில் இறக்கி, அலுமினியத்தை மட்டும் கரைத்தோட்டி, எஞ்சிய நிக்கலைக் கண்ணுக்குத் தெரியாத கோடித் துளைகள் கொண்ட ஆப்பமாக்குவதே அவன் போர்த்தந்திரம்; துளை பெருகினால் குமிழி எளிதாய்க் கிளம்பும், வோல்ட் இறங்கும். அலுமினியம் மிகுந்த தகடுகள் உதிர்ந்து மாண்டன. குறைந்த தகடுகள் குமிழிவிட மறுத்துத் துரோகம் புரிந்தன. பதினாறு தகடுகள் களப்பலியாயின. பதினேழாவது, பூஜைக்கு முதல்நாள் சாயங்காலம், தொட்டிக்குள் குமிழிப் பெரும்படையைக் கிளப்ப, வோல்ட் மீட்டரின் முள் ஒன்று புள்ளி ஒன்பதில் வந்து பணிந்தது! கொட்டகையில் வேறு ஒருவரும் இல்லை. கன்னியப்பன் தனியாக நின்று அழுதான்.

பூஜைக்காகத் தொட்டியைக் கழுவவேண்டியிருந்ததால், தகட்டை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைத்தான். அந்தத் தகடு காய்ந்தால் காற்றுப் பட்டே பற்றிக்கொள்ளும் என்பதை அவன் அறிவான். அறிந்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை. அதுதான் அவன் செய்த பிழை.

மறுநாள், அவன் மாலை வாங்கப் போன நேரம், களம் புகுந்தான் அவன் மனைவி கெங்கம்மாளின் தம்பி வேம்புலி. அதே கொட்டகையில் பெருக்கித் துடைக்கும் டெம்பரரி, பாசத்தில் பெருங்கடல். ஸ்பானர், சுத்தியல், திருப்புளி யாவும் துடைத்துப் பொட்டிட்டுப் படையலில் வீற்றிருக்க, மாமனின் தகடு மட்டும் வாளியில் ஊறிக் கிடப்பதா? பனியன் வேஸ்ட்டுத் துணியால் சொட்டு ஈரமின்றித் துடைத்தான்; சந்தனம் தீற்றினான்; குங்குமம் வைத்தான்; அம்மன் படத்தின் காலடியில் சாத்தினான்.

முதலாளி கற்பூரத்தைத் தொடுமுன்னரே தகடு சிவந்தது, செந்தணலாய்ச் சீறியது, அடியிலிருந்த வாழையிலை பொசுங்கியது!

“ஆத்தா ஏத்துக்கினாடா!” என்று கொட்டகை அதிர்ந்தது. பரந்தாமன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

மாலையோடு ஓடிவந்த கன்னியப்பன், வாளித் தண்ணீரை ஊற்றித் தணலை அவித்து, கருகிய தகட்டைத் தொட்டியில் இறக்கிச் சுவிட்சைப் போட்டான். முள் இரண்டு புள்ளி மூன்றில் நின்றது. தொட்டியை அடித்தான், கெஞ்சினான், கம்பிகளை மாற்றிப் பார்த்தான், முள் அசையவில்லை.

“நேத்து ஒண்ணு புள்ளி ஒம்போது வந்துச்சு சார், என் கண்ணால பாத்தேன்!”

“அத்த வுடு கன்னியப்பா,” என்றார் பரந்தாமன், கண்கள் பனிக்க. “நெருப்ப வரவச்ச கை இன்னா கைடா! வேம்புலி, இன்னிலேர்ந்து நீ பெர்மனென்ட்டு!”

“மாமே, எல்லாம் உன் தகட்டோட ராசி!” என்று கட்டிக்கொண்டு தேம்பினான் வேம்புலி. அவனை எப்படி அடிப்பது?

அன்று வீட்டில் கெங்கம்மாள் தன் தம்பிக்காகப் பாயசம் வைத்தாள்; கன்னியப்பனும் ஒரு டம்ளர் குடித்தான்.