மாப்பிள்ளையின் ரத்தமும் ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தமும்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளையை அதில் சேர்க்க மனம் வராததால், நான் சுகம் என்று மட்டும் வைத்துக்கொள்.

வெளியூர் வேலையில் இருக்கும் உனக்கு, உன் வீட்டுக்காரர் கட்டிலே கதியென்று கிடப்பது தெரிந்ததுதான். சோம்பல் என்று உன் மாமனாரும், செல்லம் அதிகம் என்று மாமியாரும் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லியாயிற்று. மனச்சோர்வு இருப்பவர்களின் ரத்த அணுக்களில் அதற்கு ஏதாவது அடையாளம் தெரிகிறதா என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கையைக் கட்டி இழுக்காத குறையாக அவரை அழைத்துப் போனேன். போகிற வழியில் வண்டி நின்றுவிட்டது, தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்து, மாடி மாறிக் கண் பிரிவு வரிசையில் உட்கார்ந்துவிட்டேன், நான் வாயைத் திறப்பதற்குள் நர்சம்மா என் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டார், பிறகு உலகமே கலங்கித் தெரிய, மாப்பிள்ளைதான் என் கையைப் பிடித்துச் சரியான அறைக்குக் கூட்டிப் போனார்.

அங்கே டாக்டரம்மா மாப்பிள்ளையின் ரத்தத்தை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் அதன் அணுக்களைக் காட்டினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் மங்கல். ஆனால் அவர் சொன்னதில் புல்லரித்துவிட்டது. ஒவ்வொரு அணுவும் தனக்கு வேண்டிய சக்தியைத் தானே தயாரிக்கிறதாம், சோர்ந்தவர்களிடம் அந்த வேலை வேறு மாதிரி நடக்கிறதா என்று பார்க்கிறார்களாம். எத்தனையோ பம்பு மோட்டாரைப் பிரித்துப் போட்டவன் நான். எனக்குள்ளேயே இத்தனை மோட்டார் சத்தமில்லாமல் ஓடுகிறதே, தங்கச்சி! வாய்விட்டுச் சொல்ல முடியாத துக்கம் ஒரு சொட்டு ரத்தத்தில் தடம் வைத்திருக்கலாம் என்றால், இதைவிட அதிசயம் உண்டா?

மாப்பிள்ளை கேட்டார்: "அப்போ நான் நடிக்கலதானே?"

"ரத்தத்தை வெச்சு இன்னும் எதையும் உறுதியா சொல்ல முடியாதுங்க. ஆனா நீங்க நடிக்கலங்கறது ரத்தம் பாக்காமலே எனக்குத் தெரியும்," என்றார் டாக்டரம்மா.

மனிதர் அங்கேயே அழுதுவிட்டார். மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஆரோக்கியமான ஆள் வேண்டும் என்றார்கள். ஊரையே சிரிக்க வைக்கிற நான் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று சட்டைக் கையை மடித்துவிட்டேன். எங்களைப் பற்றிக் கவலைப்படாமல் நேரத்துக்குச் சாப்பிடு. உன் வேலையும் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

உன் அண்ணன்

பி.கு.: ரத்தம் எடுக்க ஊசி குத்துமுன் சில கேள்விகள் கேட்டார்கள். தூக்கம் வருகிறதா, எதிலாவது ஆசை இருக்கிறதா என்றெல்லாம். யாரும் என்னை இதுவரை கேட்டதில்லை, அதனால் உள்ளதைச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "உங்களை ஆரோக்கியமானவங்களோட சேர்க்க முடியாதுங்கய்யா," என்றார். நாளைக்கு எனக்கு வைத்தியம். என்னை அழைத்துப் போக வேண்டும் என்று மாப்பிள்ளை இன்றே எழுந்து சவரம் செய்துகொண்டிருக்கிறார்.